தூசி பாயும் வேகம்

கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. முன்னால் போகும் மணல் லோரியிலிருந்து பொடிக்கல் ஒன்று பறந்து வந்து கார் கண்ணாடியில் ‘டிக்’கென்று விழும். 110 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே நெஞ்சைத் திடுக்கிட வைக்கிறது. தாழ்வாகப் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கோ இந்தத் தூரம் நான்கைந்து விநாடிப் பயணம்தான். அங்கே ஒரு தூசி எதிரே வந்தால்?

1983 ஜூனில் சேலஞ்சர் விண்கலத்துக்கு அது நேர்ந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெயிண்ட் துணுக்கு சன்னலில் குழி பறித்துவிட்டது. தரையிறங்கியதும் கண்ணாடியையே மாற்றினார்கள். வேகம் பத்து மடங்கானால் அடியின் சக்தி நூறு மடங்காகும். அதுதான் விஷயம்.

இந்த அடியைத் தரையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டுமே! துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே அதிகம். விஞ்ஞானிகள் பிடித்த வழி மின்சாரம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 20 லட்சம் வோல்ட்டிலும், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 30 லட்சம் வோல்ட்டிலும் தூசி முடுக்கிகள் இயங்கின. நுண்ணிய இரும்புத் தூளை ஊசிமுனையில் பட வைத்து மின்னேற்றுகிறார்கள். பிறகு அந்த உயர் மின்னழுத்தம் காற்றில்லாக் குழாய் வழியே அதை விரட்டுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூசி சிறுக்கச் சிறுக்க வேகம் கூடும். மின்னூட்டம் மேற்பரப்பில்தான் தங்கும். எடையோ உடம்பு முழுதும். உருவம் பாதியானால் மின்னூட்டம் நாலில் ஒன்றாகும், எடை எட்டில் ஒன்றாகும். மெலிந்தவனுக்கு ஓட்டம் எளிது! மிகச் சிறிய துகள்கள் விநாடிக்குப் பல பத்து கிலோமீட்டர் பாய்கின்றன.

மோதிய கணத்தில் தூசி ஆவியாகி, மின்னேறிய துகள்களாகச் சிதறும். அவற்றை அளந்தால் தூசி எதனால் ஆனது என்று தெரியும். சனிக்கோளுக்குப் போன காசினியின் தூசிக் கருவி ஹைடல்பெர்க்கில் இப்படிப் பழக்கப்பட்டதுதான். என்செலாடஸ் நிலவு பீய்ச்சிய பனித்துகள்களில் அது உப்பைக் கண்டது. பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

இந்தியாவும் பின்தங்கவில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்த ‘டெக்ஸ்’ என்ற மூன்று கிலோ கருவி, 2024 ஜனவரி 1-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறியது. சுமார் 350 கி.மீ. உயரத்தில் தூசி மோதும் அடிகளைக் காதுகொடுத்துக் கேட்டது. ஏறத்தாழ ஆயிரம் விநாடிக்கு ஓர் அடி. அதாவது, நாம் ஒரு தே தாரேக் குடித்து எழுந்திருக்கும் நேரத்துக்கு ஒன்று.