தப்பும் நெருப்பும்

இசைக்கருவியாக்கம் என்றவுடன் கற்றோர் பலர்க்கும் நினைவில் எழுவன, இத்தாலி நாட்டுக் கிரெமோனா நகரும், 1737ஆம் ஆண்டில் மறைந்த ஸ்திராதிவாரி என்பார் அங்குச் செய்தளித்த வயலின்களுமே. அவற்றின் மரம், மெருகு, வளைவு ஆகியன குறித்து எழுந்த நூல்கள் பல. நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக ஒலித்துவரும் தப்பு என்னும் தோற்கருவியின் ஆக்கமோ கல்லூரி ஏடுகளில் இடம்பெறுதல் அரிது. எனினும், வயலினை ஆளும் பௌதிக விதிகளே தப்பினையும் ஆள்கின்றன. அவ்விதிகளைக் கையாலும் செவியாலும் உணர்ந்தோரின் அறிவு எத்தகையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பறை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களுள் அதனையும் ஒன்றாக வைத்தெண்ணுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின்னர்ப் பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், தம் கூத்தையும் பாட்டையும் போலவே தப்பினையும் உடன் கொணர்ந்தனர். முன்னாளில் விடியற்காலையில் லயங்களில் உறங்குவோரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பொலியே. மாசித் திங்களில் காமன் கூத்தை நடத்துவதும், இறந்தோரை வழியனுப்புவதும் அதுவே. பிறர் உழைப்புக்கு அழைத்த ஒலியும், தம் தெய்வத்தை ஆடுவித்த ஒலியும் ஒரே தோலிலிருந்து பிறந்தன.

இதன் அமைப்பு எளியது போலத் தோன்றும். வளைந்த மரத்துண்டுகள் மூன்றினை இரும்புத் தகடுகளால் இணைத்து வட்டச் சட்டம் செய்வர். ஒரே பலகையிலிருந்து வளையத்தை அறுத்தெடுத்தால், சில இடங்களில் மரத்தின் இழைகள் குறுக்கே வெட்டுண்டு, தோலின் இழுப்பைத் தாங்காது பிளவுபடும். மூன்று துண்டுகளாக்கின் இழைகள் பெரும்பாலும் வளைவை ஒட்டியே ஓடும். மயிர் நீக்கி நீரில் ஊறவைத்த கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையினால் அச்சட்டத்தில் ஒட்டுவர். ஈரத்தோல் உலர்கையில் சுருங்கித் தானே இறுக்கம் பெறும்.

இனி, இதன் ஒலியை நோக்குவாம். வயலின் நரம்பு அதிர்கையில் அடிப்படைத் தொனியோடு, அதன் மீடிறனைப் போல் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு மீடிறனுடைய மேற்றொனிகளும் எழும். இம்முழுவெண் உறவே சுருதியைத் தெளிவாக்குகின்றது. சீராக இழுத்துக் கட்டிய வட்டத்தோலின் மேற்றொனிகளோ அடிப்படையைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கற்று நிற்கும். வயலின் குடும்பக் கருவிகளைப் பற்றி 1918இல் விரிவாக எழுதிய சர் சி. வி. இராமன், 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து நம் நாட்டு மத்தளங்களையும் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரிய சாந்து, தோலின் நடுவே எடையைக் கூட்டி, ஒழுங்கற்ற மேற்றொனிகளை முழுவெண் உறவுக்குக் கொணர்கின்றது என அவர் காட்டினார்.

தப்பில் அச்சாந்து இல்லை. ஆதலின் அதற்கு மிருதங்கம் போன்ற தெளிந்த சுருதியும் இல்லை. இதனைக் குறையெனக் கருதுதல் பிழை. அதன் பணி வேறு. அதன் பின்புறம் திறந்திருத்தலால் தோலின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று எதிர்க்கும். தாழ்ந்த ஒலிகளே இதனால் மிகுதியும் தேயும். கூர்மையான உயரொலிகள் மேலோங்கி நிற்கும். நீண்டு மெலிந்த மூங்கிற் குச்சி தோலை நொடிப்பொழுதே தொட்டு மீள்வதால் உயர்ந்த மேற்றொனிகளை எழுப்பும். குறுகித் தடித்த குச்சி நடுவிடத்தில் விழுகையில், அங்கு அசைவற்றிருக்கும் அதிர்வு வகைகள் எழாமையால், ஒலி ஆழ்ந்து கேட்கும். இவ்விரண்டையும் மாற்றிமாற்றி அடிக்கும் கலைஞன் ஒரே தோலில் இரு குரல்களைப் பேசுவிக்கின்றான்.

மலையகத்தில் இக்கருவிக்கு வாய்த்த பகை மூடுபனி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அட்டன் பகுதியில் தென்மேற்குப் பருவமழை மிகுதி. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும். தோலின் மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவை நாலிலொரு பங்காயின் மீடிறன் பாதியாகும். உறிஞ்சிய நீர் தோலின் எடையையும் கூட்டுதலால் மீடிறன் மேலும் தாழும். வயலினுக்கு முறுக்காணி உண்டு. தப்புக்கு நெருப்பே முறுக்காணி. வைக்கோலோ சருகோ கொளுத்தி, அவ்வனலில் கருவியைச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சி, விரலால் தட்டி, செவியால் அளப்பர். அனல் குறைந்தால் ஒலி மந்தமாகும். மிகுந்தால் தோல் கருகும் அல்லது வெடிக்கும். மாசி இரவின் பனியில் காமன் கூத்து நடக்குந்தோறும் பக்கத்தில் தீ எரிவது குளிர்காய்தற்கு மட்டுமன்று.

இவ்வறிவை உடையோர் சாதியின் பெயரால் நெடுங்காலம் இழிவுபடுத்தப்பட்டனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. பிறர் வீட்டுச் சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் தப்பின்மேல் ஏற்றிய இழிவினால், அதனைத் தொடோம் என இளைஞர் விலகியதும் உண்டு. அவர்தம் மானவுணர்வு போற்றத்தக்கது. ஆயின், இழிவு கட்டாயத்தில் இருந்ததேயன்றிக் கருவியில் இருந்ததன்று. இன்று தமிழகத்தில் இரும்பு வளையமும் செயற்கைத் தோலும் பரவியுள்ளன. அவை பனிக்கு அஞ்சா, அனலை வேண்டா. அடிப்போர்க்கு அது நன்மையே. எனினும், தோலின் மனமறிந்து தீயை அளந்த செவியறிவு அத்துடன் எழுதப்படாமலே மறையக்கூடும்.

கிரெமோனாவின் கைவினை நூல்களாயிற்று. நம் மாணவர் ஒருவர், தோட்டத்து முதியவர் அருகில் மாணாக்கராய் அமர்ந்து, அவர் இசைவுடன், அவர் பெயரையும் முறையையும் குறித்து வைப்பாராயின், அதுவும் ஆய்வேயாம். ஆய்வுக்கூடத்து அதிர்வளவியை எடுத்துச் செல்க. ஆனால், முதலில் அவர் செவி கூறுவதைக் கேட்க.