கடலோரக் கொடிகள் – 7: ஆரஞ்சு இளவரசரின் கடிதம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே வந்தால், சாலை கடலைத் தொடும் இடம் சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் இன்னும் சற்றுத் தெற்கே வரவேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை நிற்கிறது. உள்ளே கல்லறைகள். கற்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நம் தறிகளின் மஸ்லினைத் தேடி வந்து, ஊர் திரும்பாமலே போனவர்கள் அவர்கள்.

டச்சுக் கொடி பறந்த காலத்தில் ஆரஞ்சு-நாசோ வம்சத்தின் தலைவர் எவரும் இந்தக் கரைக்கு வந்ததில்லை. ஆனாலும் இந்தக் கோட்டையின் தலையெழுத்தை மாற்றியது அந்த வம்சத்தவர் ஒருவர் எழுதிய கடிதம்தான்.

ஆரஞ்சு என்பது தெற்கு பிரான்ஸில் இருந்த ஒரு சிறிய சமஸ்தானம். 1544-ல் அது பதினோரு வயது வில்லியத்துக்கு வாரிசுரிமையாக வந்தது. பின்னாளில் அவர் ஸ்பெயின் மன்னரை எதிர்த்துக் கிளம்பினார். 1584-ல் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போராட்டத்தில் பிறந்தது டச்சுக் குடியரசு. ஆகவே அவர் வழிவந்தவர்கள் அங்கே மன்னர்கள் அல்ல, மாகாணங்கள் நியமித்த 'ஸ்டாட்ஹவுடர்'கள். மகன் மாரிஸின் பெயரை டச்சு மாலுமிகள் 1598-ல் மொரீஷியஸுக்குச் சூட்டினார்கள். பிற்காலத்தில் நம் சனங்கள் கரும்புக் காட்டுக்குப் போன அதே தீவு. மூன்றாம் வில்லியம் 1689-ல் இங்கிலாந்துக்கே அரசரானார். பிள்ளை இல்லாமல் இறந்தார். பெரும்பாலான மாகாணங்கள் அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஸ்டாட்ஹவுடரே இல்லாமல் காலம் தள்ளின.

1747-ல் கிளை வழியில் வந்த நான்காம் வில்லியத்துக்கு அந்தப் பதவி பரம்பரை உரிமையாயிற்று. இரண்டு ஆண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையும் அவர் கைக்கு வந்தது. நம் கரைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் முடிச்சு விழுந்தது அப்போதுதான். 1751-ல் அவர் கண்மூடினார். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், இலங்கைக் கரையோரம் அத்தனையிலும் வணிகம் செய்த கம்பெனிக்குப் பெயரளவில் தலைவராக வந்தவர் மூன்று வயது ஐந்தாம் வில்லியம்! பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர் தாய் ஆன், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மகள்.

தாய்வழி உறவு போரைத் தடுக்கவில்லை. 1781-ல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 17-ல் இதே கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் மோதினார்கள். சமாதானத்தில் டச்சுக்காரருக்குச் சதுரங்கப்பட்டினம் திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை.

1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை உறைந்த ஆறுகளைக் கடந்து ஹாலந்துக்குள் புகுந்தது. ஐந்தாம் வில்லியம் ஸ்கெவெனிங்கன் கரையிலிருந்து மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கே கியூ என்ற இடத்தில் தங்கி, பிப்ரவரி 7-ம் தேதி கடிதங்கள் எழுதினார்: பிரெஞ்சுக்காரர் கையில் சிக்காதிருக்க, டச்சு இடங்களில் ஆங்கிலப் படையை நட்புப் படையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதவியும் நாடும் பறிபோனவர் எழுதிய இந்த உத்தரவு எந்த வகையில் செல்லும்? ஆங்கிலேயர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடிதத்தைக் காட்டினார்கள், மசியாத இடத்தில் பீரங்கியைக் காட்டினார்கள். அந்த ஆண்டே சோழமண்டலக் கரையின் டச்சு இடங்கள் கைமாறின. ஆகஸ்டில் திருகோணமலை, செப்டம்பரில் யாழ்ப்பாணம், 1796 பிப்ரவரியில் கொழும்பு. வில்லியத்தை நான் துரோகி என்று சொல்லமாட்டேன். தன் வீட்டுச் சொத்தைக் காப்பாற்றும் நினைப்பில்தான் எழுதினார். அதை வீட்டுச் சொத்தாக நினைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்தத் துணியை நெய்த குடும்பங்களையோ, அலையில் படகு தள்ளி அதைக் கப்பலில் ஏற்றியவர்களையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் 1806-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் இறந்தார். மகன் 1815-ல் நெதர்லாந்தின் மன்னரானார். வம்சத்துக்கு அப்போதுதான் அந்த நாட்டின் முடி கிடைத்தது. 1818-ல் சதுரங்கப்பட்டினமும் அவர்களிடம் திரும்பியது. ஆறே ஆண்டுகள். 1824 மார்ச் 17-ல் லண்டன் ஒப்பந்தத்தில் அந்த மன்னரின் அரசு இந்தியாவிலிருந்த எல்லா இடங்களையும், மலாக்காவையும், ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்து, சுமத்ராவின் பென்கூலனை வாங்கிக்கொண்டது.

(தொடரும்)