மென்மையான மீட்லோஃப்: எதைச் சேர்த்துப் பிசையலாம்?

மீட்லோஃப் என்பது கொத்திறைச்சியைப் பிசைந்து, அச்சிலிட்டு, ஓவனில் வேகவைக்கும் உணவு. இறைச்சியை மட்டும் வேகவைத்தால் அதன் புரதம் சுருங்கி நீரை வெளியேற்றும். துண்டு வறண்டு, மெல்லச் சிரமப்படுபவருக்குத் தொண்டையில் சிக்கக்கூடும். சேர்மானப் பொருள் அந்த நீரை உறிஞ்சித் தக்கவைக்கிறது.

அரை கிலோ இறைச்சிக்கு ஒரு முட்டையும், பாலில் ஊறவைத்து மசித்த இரண்டு ரொட்டித் துண்டுகளும் போதுமானவை. நோய்க்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம்:

• செலியாக் நோய்: ரொட்டிக்குப் பதிலாக, குழைந்த சோறு அல்லது மசித்த உருளைக்கிழங்கு.
• நீரிழிவு: ரொட்டியைக் குறைத்து, வதக்கி அரைத்த காளான்.
• உயர் இரத்த அழுத்தம்: கடையில் வாங்கும் ரொட்டித்தூளில் உப்பு மிகுந்திருக்கலாம், ஓட்ஸ் சேர்க்கலாம்.

உட்பகுதியின் வெப்பநிலை 71 டிகிரி செல்சியஸை (கோழி இறைச்சியாயின் 74) எட்டியதை வெப்பமானியால் உறுதிசெய்யுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம்.

உண்ணும்போது அடிக்கடி இருமலோ புரையேறுதலோ ஏற்பட்டால், ஊட்டுவதை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள்.