வங்கிக்கு வாய்த்த வரம்

புதுச்சேரியில், பாரதி பூங்காவுக்கு அருகே, இன்று யூகோ வங்கி இயங்கும் பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் ஒரு காலத்தில் இந்தோசீன வங்கி கொலுவீற்றிருந்தது. 1875-இல் பாரிஸில் தோன்றிய அந்த ஸ்தாபனம், பங்குதாரர்களின் லாபத்திற்காகவே நடந்த தனியார் கம்பெனியாயினும், பிரெஞ்சிந்தியாவில் ரூபாய் நோட்டு வெளியிடும் பிரத்தியேக உரிமையைப் பாரிஸ் சர்க்காரிடமிருந்து பெற்றிருந்தது. கையிருப்பிலுள்ள உலோக நாணயத்துக்கு மும்மடங்கு வரையில் நோட்டு வெளியிடலாம் என்பது ஏற்பாடு. ஒரு மூட்டை நெல்லை வைத்துக்கொண்டு மூன்று மூட்டைக்குச் சீட்டு எழுதித் தரும் வியாபாரியை எந்தச் சட்டமும் மன்னிப்பதில்லை.

நோட்டு வெளியிடும் உரிமை இன்று இந்தியாவில் எந்தத் தனியார் வங்கிக்கும் இல்லை. எனினும், கடன் கொடுக்கும்போது கடன்காரரின் கணக்கில் ஒரு தொகையை வரவு வைப்பதாலேயே புதிய பணத்தைப் பிறப்பிக்கும் சக்தி வங்கிகளிடம் இருக்கிறது. இடறி விழுந்தால் தாங்கிப் பிடிக்க அரசின் கரமும் இருக்கிறது.

2020 மார்ச்சில் யெஸ் வங்கி நிலைகுலைந்தபோது, ரிசர்வ் வங்கி தலையிட்டுப் புனரமைப்புத் திட்டம் வகுத்தது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் 6,050 கோடி ரூபாயை முதலீடு செய்தது. சில தினங்களிலேயே கதவுகள் வழக்கம்போல் திறந்தன. அதற்கு அடுத்த மாத இறுதியில், 1898-இல் தொடங்கிப் புதுச்சேரியின் தலைமுறைகளுக்குச் சோறிட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலை, அரசின் உடைமையாகவே இருந்தும், நெடுங்கால நஷ்டத்தின் காரணமாக நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த ஆலையைக் காக்க எந்தப் பெரிய ஆலையும் அழைக்கப்படவில்லை.

வங்கி விழுந்தால் அதில் பணம் போட்ட ஏழையும் விழுவான் என்பது மெய். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அழிந்ததை நாம் மறப்பதற்கில்லை. ஆகவே பாதுகாப்பை நான் ஆட்சேபிக்கவில்லை. பாதுகாப்புக்கு ஈடாக ஜனங்களுக்குக் கிடைப்பது போதாது என்பதே என் ஆட்சேபம். குபேர் அங்காடியில் கூடை வைத்து மீன் விற்கும் பெண், வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும் தண்டல்காரரிடம் அன்றாடம் தவணை கட்டுகிறாள். அவளைப் போன்றோருக்கென 2020-இல் வந்த ஸ்வநிதித் திட்டத்தில் முதற்கடன் அப்போது பத்தாயிரம் ரூபாயாக இருந்தது; அதிலும் நஷ்டத்தின் ஒரு பகுதிக்கு அரசே உத்தரவாதம் அளித்தது. பொதுஜனங்களின் ஆதரவில் நிற்கும் ஸ்தாபனம், தன் லாபத்திலிருந்தே அந்த நஷ்டத்தைத் தாங்கி, அவளுக்குத் தயங்காமல் கடன் கொடுக்க வேண்டுமென்று சட்டம் கட்டளையிடுவதே நியாயம்.