தாய்ப்பால் எடுக்கும் கருவி

புனே நகரை ஒட்டி பிம்ப்ரி-சிஞ்ச்வட் இருக்கிறது. ஆலைகள் நிறைந்த ஊர். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காகப் போன குடும்பங்களும் அந்தப் பக்கத்தில் உண்டு. காலையில் ஷிப்டுக்குப் போகும் பெண்களில் சிலர் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்.

அப்படி ஒரு தாயை நினைத்துப் பார்க்கலாம். பிரசவ விடுமுறை முடிந்துவிட்டது. குழந்தைக்கு ஐந்து மாதம். காலை ஏழு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். பதினோரு மணிக்கு மார்பு கனக்கிறது. மதியம் வலி எடுக்கிறது. ரவிக்கை நனைகிறது. கழிப்பறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கீழே விடுகிறார். அதே நேரத்தில் வீட்டில் குழந்தை பவுடர் பால் குடிக்கிறது. இப்படியே சில வாரம் போனால் தாய்க்குப் பால் குறைந்துவிடும்.

ஏன் குறைகிறது? மார்பு பானை அல்ல, ஊற்று. எடுக்க எடுக்கச் சுரக்கும். பால் தேங்கி நின்றால், இனி இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பாலை நிறுத்த மார்பில் மல்லிகைப் பூ கட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வேலைக்குப் போகும் தாய்க்குப் பூ தேவையே இல்லை. தேங்கிய பாலே அந்த வேலையைச் செய்துவிடும்.

எனவே வேலை இடத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலை எடுத்துவிட வேண்டும். எடுத்த பாலைச் சேர்த்து வைத்தால் மறுநாள் குழந்தைக்கு ஆகும்.

முதல் கருவி கைதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் கட்டை விரலை மேலேயும், மற்ற விரல்களைக் கீழேயும் வைக்க வேண்டும். நெஞ்சுப் பக்கம் மெல்ல அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கிவிட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிரசவமான முதல் இரண்டு மூன்று நாள் வரும் சீம்பாலுக்குக் கைதான் ஏற்றது. அது கெட்டியாகவும் சொட்டுச் சொட்டாகவும் வரும். கருவியில் எடுத்தால் பாதி குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தினமும் எட்டு மணி நேரம் பிரிந்திருக்கும் தாய்க்குக் கை சலித்துப் போகும். அவருக்குத்தான் கரண்ட்டில் ஓடும் கருவி உதவும். வீட்டிலேயே இருக்கும் தாய்க்கு அது வீண் செலவு. எப்போதாவது ஒரு நாள் வெளியே போகிறவருக்குக் கையால் அமுக்கும் சின்னக் கருவி போதும்.

கரண்ட் கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு. எட்வர்ட் லாஸ்கர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சதுரங்க வீரர். அவர் பொறியாளரும்கூட. 1920களில் அவர் ஒரு பால் எடுக்கும் கருவிக்கு உரிமம் பெற்றார். பிறகு 1950களில் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஐனார் எக்னல் ஒன்றைக் கவனித்தார். விடாமல் இழுத்தால் காம்பு புண்ணாகும். இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தால் ஆகாது. குழந்தையும் அப்படித்தானே குடிக்கிறது! இன்றைய கருவிகளும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. முதலில் வேகமாகச் சின்னச் சின்ன இழுப்பு. பால் இறங்கியதும் மெதுவான, ஆழமான இழுப்பு.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, புனலை. மார்பில் வைக்கும் பகுதிக்குத்தான் புனல் என்று பெயர். பல பெட்டிகளில் 24 மில்லிமீட்டர் புனல் மட்டும் இருக்கும். எல்லாத் தாய்க்கும் அது பொருந்தாது. காம்பு புனலின் குழாய்க்குள் உரசாமல் போய் வர வேண்டும். கருவளையம் அதிகமாக உள்ளே இழுபடக் கூடாது. புனல் சிறியதாக இருந்தால் காம்பு உரசிப் புண்ணாகும். பெரியதாக இருந்தால் பால் சரியாக வராது. “எனக்குப் பால் இல்லை, கருவி போட்டாலும் வரவில்லை” என்று அழும் தாய்மார் உண்டு. பல நேரம் குறை தாயிடம் இல்லை, புனலில் இருக்கிறது. வேறு அளவுப் புனல் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

அடுத்தது இழுப்பு. இதைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் இருக்க வேண்டும். மிகக் குறைந்த இழுப்பில் தொடங்கி, வலிக்காத அளவு வரை மட்டும் கூட்டலாம். பலமாக இழுத்தால் நிறையப் பால் வரும் என்பது தவறு. வலித்தால் பால் இறங்குவது தடைப்படும்.

பால் குழாய் வழியாக மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் அமைப்பு உள்ளதா என்றும் கேட்க வேண்டும். உள்ளே போன பாலில் பூஞ்சை பிடிக்கும். அதைக் கழுவ வழியில்லை. இதனால்தான் அக்கா பயன்படுத்திய கருவியைத் தங்கை வாங்கிக்கொள்வது நல்லதல்ல. தனி ஒருவருக்கென்று செய்த கருவியைப் பங்கு போடக் கூடாது. பலர் பயன்படுத்தவென்றே செய்த பெரிய கருவிகள் மருத்துவமனைகளில் உண்டு. அவற்றிலும் புனலும் குழாயும் ஒவ்வொரு தாய்க்கும் தனி.

ஆலையில் பிளக் கிடைக்காத தாய்க்குச் சார்ஜ் ஏற்றும் கருவி வேண்டும். இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் கருவி விலை கூடுதல். ஆனால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். பதினைந்து நிமிட இடைவேளையில் இது பெரிய லாபம். உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வால்வு நாளாக ஆகத் தளர்ந்துவிடும். அது தனியாகக் கிடைக்காத கருவி சில மாதத்தில் மூலையில்தான் கிடக்கும்.

பல கருவிகளோடு பால் புட்டியும் சேர்ந்தே வருகிறது. அதில் சேர்த்து வைக்கலாம். கொடுக்க வேறு வழி இருக்கிறது. நம் வீட்டுப் பாலாடை இன்று இந்தியாவின் பல குழந்தை வார்டுகளில் அதே தமிழ்ப் பெயரோடு புழங்குகிறது. மராட்டிய வீடுகளில் இதுபோன்ற பாத்திரத்துக்குப் போண்ட்லா என்று பெயர். கழுவுவது சுலபம், கிருமி ஒளிய இடமில்லை. பால் புட்டிக்கு விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

பால் பட்ட பகுதிகளை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவ வேண்டும். தினம் ஒரு முறை கொதிநீரில் போட்டு எடுப்பது நல்லது. மோட்டாரை நனைக்கக் கூடாது.

எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்? 25 டிகிரி வரை வெப்பம் உள்ள அறையில் நான்கு மணி நேரம். புனேயில் ஏப்ரல், மே மாதம் பகலில் 38, 40 டிகிரி அடிக்கும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது. மூடிய பாத்திரத்தை ஐஸ் வைத்த பையில் கொண்டுவர வேண்டும். ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் நான்கு நாள் வரை வைக்கலாம் என்கிறார்கள். கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். இந்தப் பாலைக் காய்ச்சக் கூடாது. வெந்நீரில் பாத்திரத்தை வைத்தால் போதும்.

கருவி மட்டும் இருந்து பயனில்லை, உட்கார இடமும் நேரமும் வேண்டும். 1961ஆம் ஆண்டு மகப்பேறுச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுமுறை வந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றானது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு போக, பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2015இல் பஸ் நிலையங்களிலேயே பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பஸ் நிலையத்தில் முடிந்தது ஆலையில் முடியாதா? கழிப்பறை பால் எடுக்கும் இடமல்ல. மேலாளரிடம் கேட்கத் தயங்கும் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்கலாம்.

குறை மாதத்தில் பிள்ளை பெற்ற தாயின் நிலை வேறு. குழந்தைக்குச் சப்பிக் குடிக்கும் பலம் இருக்காது. அவர் இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பால் எடுக்க வேண்டும். அப்போதுதான் சுரப்பு நிற்காமல் தொடரும். அவருக்கு மருத்துவமனையின் பெரிய கருவியே நல்லது. தன் பால் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி உதவும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். புனேயில் சசூன் அரசு மருத்துவமனையிலும் இப்படி ஒரு வங்கி உண்டு. பால் தரும் தாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். வாங்கிய பாலை 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் கிருமியைக் கொல்கிறார்கள். பிறகு உறைய வைக்கிறார்கள். இந்தப் பாலைக் கடையில் விற்க அனுமதி இல்லை என்று 2024இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. தாய் கொடுப்பதும் இலவசம்தான்.