வேர் தேடி – 14: பிறப்புச் சான்று இல்லாத பாட்டன்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. பங்குனியில் நந்தி கல்யாணம் பார்க்கக் கூட்டம் நெரியும் ஊர். வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு வருகிறவர்களில் சுவரைப் படிக்கிறவர்கள் குறைவு. முதலாம் ராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், 1013 வாக்கில், இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் ஆணையிட்டான். மகன் ராசேந்திரனின் 14ஆம் ஆண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி கல்லில் வெட்டினார்கள். ஆவணம் காக்கிற வேலையில் இருப்பவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

டப்ளினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், நான்கு நீதிமன்றங்கள் வளாகத்தில் இருந்த அயர்லாந்தின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கில் பெரும்பகுதி அதோடு போனது. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகளை முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். எல்லாருடைய பிறப்பையும் பதிவது அங்கே 1864இல்தான் தொடங்கியது.

அப்படியும் ஐரிஷ்காரர்கள் முன்னோரைக் கண்டுபிடிக்கிறார்கள். 1909இல் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. கேட்டு வந்த கிழவர்களிடம் பிறப்புச் சான்று ஏது? அதிகாரிகள் 1841, 1851 குடிக்கணக்கைப் புரட்டி, அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாம் சரிபார்த்துத் தாளில் எழுதினார்கள். மூலம் எரிந்தது, தேடிய தாள் பிழைத்தது. குடிக்கணக்கிலும் சிக்காதவர்கள், 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அடித்த பெருங்காற்று தங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்றார்கள். அதுவும் வயதுக்குச் சாட்சியாக எடுபட்டது.

நம் பக்கத்துக் கிழவிகள் தாது வருஷப் பஞ்சத்தைச் சொன்ன மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பஞ்சம் 1876இல் தொடங்கியது, 1936ம் தாதுதான். 'பஞ்சம்' என்ற சொல் பேச்சில் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காவிரிக்கரை, கொள்ளிடக்கரை வீடுகளில் 1924 வெள்ளத்தையும் கேளுங்கள். அது அறுபது வருஷச் சக்கரத்துக்குள் வராத நல்ல அடையாளம்.

இங்கே கிராம முன்சீப்பு எழுதி வைத்த பிறப்பு–இறப்புப் பதிவேடு கிடைத்தாலும், பல வரிகளில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பக்கத்தில் தகப்பன் பெயர். குழந்தைக்குப் பெயர் வைத்தது அதற்கு அப்புறம். நாடு முழுவதற்குமான பதிவுச் சட்டமே 1969இல் வந்ததுதான்.

பிறந்த ஊரில் எழுதாததைக் கப்பலில் எழுதினார்கள். 1860 நவம்பர் 16இல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு எண். அதை அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் தழும்பு. மாடு வாங்குகிறவன் அடையாளம் குறித்துக்கொள்கிற மாதிரி எழுதியதுதான். அந்த அவமானப் பதிவுதான் இன்றைக்குக் கொள்ளுப்பேரனை ஊருக்குக் கூட்டி வருகிறது.

அதில் திருச்சினாப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்று இருந்தால் திருச்சியில் அலையாதீர்கள்; இப்போது அது அரியலூர் மாவட்டம். பெரம்பலூர் மாவட்டம் 1995இல் பிரிந்தது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருஷம் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி தனியானது. ஊர்ப்பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. வெள்ளைக்காரர் காலத்துப் பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் திருமழபாடி 'திருமலவாடி'யாகத்தான் இருக்கிறது. கல்வெட்டு படித்தவர்களுக்கே 'ழ' தகராறு என்றால், துறைமுகத்துக் குமாஸ்தாவைச் சொல்லிக் குற்றமில்லை. வாய்விட்டுப் படித்து, எந்த ஊர்போல ஒலிக்கிறது என்று பாருங்கள்.

ஊர் பிடிபட்டால் அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். நிலம் இருந்த குடும்பமென்றால் கிரயப் பத்திரத்திலும் பாகப்பிரிவினையிலும் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இருக்கும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேடித்தர மனுப் போட வேண்டும். நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு இந்த வழி கிடையாது. கப்பலேறியவர்களில் அவர்கள் ஏராளம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்திரத்தில் ஒரு சிக்கல் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அயர்லாந்திலும் வழக்கம், இங்கேயும் வழக்கம். முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி. கையில் கிடைத்தவர் தாத்தாவா பேரனா? பெயரை விட்டுவிட்டுச் சர்வே எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்தின் பட்டா எந்த வருஷம் யார் பேருக்கு மாறியது என்று வரிசையாக எழுதிவந்தால் இரண்டு முத்துசாமிகளும் தனித்தனியாக நின்றுவிடுவார்கள்.

(தொடரும்)