காக்கா ஏறிய பள்ளி பஸ்

எங்கள் நர்சரிப் பள்ளிக்கு முதலாளி கிடையாது. அங்கே வரும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள்தான் உரிமையாளர்கள். நிர்வாகக் குழுவை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம், ஆசிரியையை நாங்களே வேலைக்கு வைக்கிறோம், கூரை ஒழுகினால் நாங்களே ஆள் பார்க்கிறோம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப்பட்ட கூட்டுறவுப் பள்ளிகள் பல உண்டு. 'கோ-ஆப்' என்றால் யாருக்கும் புரியும். வாரத்தில் ஒரு காலை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து வகுப்பில் நிற்க வேண்டும். அந்த உழைப்பினால்தான் மற்ற தனியார் நர்சரிகளைவிட இங்கே கட்டணம் குறைவு. என் முறை புதன்கிழமை.

திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் கேட்பாள்: "ஏளா, பிள்ளைக்கு நாலு வயசாச்சே, எழுத்து எப்பம் சொல்லிக் கொடுப்பாங்க?" நியாயமான கேள்வி. அவள் தெருவில் இந்த வயதுப் பிள்ளைகள் எல்.கே.ஜி. வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். எங்கள் பள்ளியிலோ நோட்டு இல்லை, பரீட்சை இல்லை. மணல், தண்ணீர், களிமண், பெயின்ட், மரக்கட்டை, பழைய சேலைத் துணி, இவைதான் பாடப் பொருள்கள். அம்மாவுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1916ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் பன்னிரண்டு பேர் சேர்ந்து முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். செஞ்சிலுவைச் சங்க வேலைக்கு நேரம் கிடைத்தது, பிள்ளைகளுக்குச் சேர்ந்து விளையாட ஆள் கிடைத்தது, பிள்ளை வளர்ப்பை அவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். 1927ல் கேத்தரின் வைட்சைட் டெய்லர் இந்த முறையைப் பெர்க்லிக்குக் கொண்டுவந்தார். 1941ல் நியூசிலாந்தின் வெலிங்டனில், கணவன்மார் போருக்குப் போயிருந்த வீடுகளின் தாய்மார் 'பிளேசென்டர்' என்ற பெயரில் ஏறக்குறைய இதையே தொடங்கினார்கள். அங்கே இன்றும் பெற்றோரே அதை நடத்துகிறார்கள்.

இனி மரக்கட்டைகள். நியூயார்க்கில் கேரலைன் பிராட் என்ற ஆசிரியை நூறாண்டுக்கு முன்னால் வடிவமைத்த கட்டைகள் இவை. அடிப்படைக் கட்டையின் நீளம் 5½ அங்குலம், அகலம் 2¾, கனம் 1⅜. கனத்தின் இரு மடங்கு அகலம், அகலத்தின் இரு மடங்கு நீளம். மற்ற கட்டைகள் இதில் பாதி, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று போகும். வர்ணம் கிடையாது, படம் கிடையாது. வழவழப்பாக இழைத்த மரம், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை என் மகளும் இன்னொரு பையனும் கார் போவதற்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு மடங்குக் கட்டைகள் எல்லாம் வேறொரு கூட்டத்தின் விமான நிலையத்துக்குப் போய்விட்டன. மகள் இரட்டைக் கட்டை இரண்டை எடுத்துத் தரையில் நுனியோடு நுனி சேர்த்து வைத்துப் பார்த்தாள். நீளம் சரியாக இருந்தது. தூக்கித் தூண்கள்மேல் வைத்தாள், நடுவில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. பையன் இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டு, "இப்ப காரை விடு" என்றான். கார் போனது. ஆனால் அவனால் கையை எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தவன், "என் கை இருக்கிற இடத்துல ஒண்ணு வை" என்று கத்தினான். அவள் நடுவில் ஒரு தூணை நிறுத்தினாள். பாலம் நின்றது.

இரண்டு இரட்டை சேர்ந்தால் ஒரு நான்கு என்பதும், சேர்ந்தாலும் அது ஒரே கட்டை ஆகிவிடாது என்பதும் அன்று அவர்கள் கைக்குத் தெரிந்தது. 'நடுவில் தூண் வை' என்று நான் சொல்லியிருந்தால் பாலம் அரை நிமிடத்தில் நின்றிருக்கும், அந்தப் பையனின் கை கண்டுபிடித்தது மட்டும் நடந்திருக்காது. அருகில் உட்காருங்கள், ஆபத்து என்றால் ஒழியக் கை நீட்டாதீர்கள் என்பது எங்கள் ஆசிரியை வேலைக்கு வரும் பெற்றோருக்குச் சொல்லும் முதல் பாடம். அதற்காக அவர் சும்மா இருந்துவிடுவதில்லை. அன்று சாயங்காலமே பாலம் விழுந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டார். மறுநாள் கட்டை அலமாரிக்கு மேலே கோல்டன் கேட் பாலத்தின் பெரிய படம் தொங்கியது. பக்கத்தில் நூல்கண்டும் கயிறும் இருந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள், கயிற்றைக் கேட்டார்கள். விளையாட்டு வழிக் கல்வியில் ஆசிரியரின் வேலை குறைவு என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். அவருடைய வேலையில் பெரும்பகுதி பிள்ளைகள் வருவதற்கு முன்னும் போன பின்னும் நடக்கிறது.

பெற்றோர் பழக வேண்டிய இன்னொன்று, 'சூப்பர்', 'வெரி குட்' என்று சொல்லாமல் இருப்பது. பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டினால், "நீலத்துக்குப் பக்கத்துல மஞ்சளை மேலேர்ந்து கீழ வரைக்கும் இழுத்திருக்கே" என்று கண்ணில் படுவதைச் சொன்னால் போதும். பிள்ளை உடனே பேசத் தொடங்கும். மஞ்சள் மழை, நீலம் பாட்டி வீடு என்று வரும். பாராட்டினால் 'ம்' என்று போய்விடும். இதை வீட்டிலும் செய்து பாருங்கள்.

ஊரிலிருந்து நான் வாங்கி வந்த மரச்சொப்பு ஒரு செட்டும் வகுப்பில் இருக்கிறது. அதில் உள்ள அம்மி என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு பையன் அந்தக் குழவியை எடுத்து, மைதா மாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த விளையாட்டு மாவின்மேல் உருட்டி ரோடு போட்டான். நான் அம்மி, மசாலா என்று விளக்கவில்லை. என் மகளே தன் முறை வந்தபோது சட்னி அரைத்தாள். அவன் பார்த்துவிட்டு, அடுத்த நாள் ரோட்டுக்கும் சட்னி ஊற்றினான்.

பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. தாய் தகப்பனுக்கு அது மனக்கஷ்டம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரட் பார்டன் 1932ல் வெளியிட்ட ஆய்வில், வேடிக்கை பார்ப்பதையும் அவர் பிரித்த வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். தனியே ஆடுவது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஆடுவது, கலந்து ஆடுவது, ஒரே நோக்கத்தோடு கூடி ஆடுவது என்று மற்ற வகைகள் போகும். எங்கள் வகுப்பில் மாதக்கணக்கில் கதவோரம் நின்ற ஒரு சிறுமி, ஒருநாள் நேராக வந்து கடை விளையாட்டில் உட்கார்ந்தாள். யார் எதை விற்கிறார்கள், காசுக்கு எந்த இலை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

அம்மா கேட்ட எழுத்துக்கு வருகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பல ஆண்டுகள் சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்த விவியன் பேலி ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். பிள்ளை கதை சொல்லும், பெரியவர் அதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார், பிறகு வகுப்பே அதை நடிக்கும். எங்கள் பள்ளியிலும் இது உண்டு. என் மகள் பாதித் தமிழில் கதை சொல்வதால், ஆசிரியை என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னார். அவள் சொன்னது இது: "ஒரு காக்கா ஸ்கூல் பஸ்ல ஏறிச்சு. டிரைவர் சீட் பெல்ட் போடுன்னாரு. காக்காவுக்குக் கை இல்ல. அழுதுச்சு. எல்லாரும் போட்டு விட்டாங்க."

நான் எழுத எழுத நாலைந்து பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். எங்கே காக்கா என்று ஒருத்தி கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். இன்னொரு இடத்தில் அதே வடிவத்தை அவளே கண்டுபிடித்து, "இங்கயும் காக்கா!" என்றாள். தமிழ் ஒரு சொல்லும் அறியாத பிள்ளை அவள். பேச்சைத் தாளில் பிடித்துவைக்க முடியும், எப்போது பார்த்தாலும் அது மாறாமல் அங்கேயே இருக்கும் என்று தெரிந்துவிட்டால் எழுத்து எதற்கு என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. வடிவங்களைப் பழகுவது அதற்குப் பிறகு. என் மகள் இப்போது தன் கதைகளில் 'கா'வை மட்டும் தானே எழுதுவேன் என்று பென்சிலைப் பிடுங்குகிறாள். நடிக்கும்போது எல்லோருக்குமே காக்கா வேஷம் வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு காக்காவாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெல்ட் போட முடியாமல் அழுதார்கள்.

இந்தப் பள்ளிகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வார நாளில் ஒரு காலையை விட்டுக்கொடுக்க முடிகிற குடும்பங்களுக்கே இது எட்டுகிறது. மணிக்கூலிக்கு வேலை செய்யும் அம்மாவுக்கு அந்தக் காலை ஒரு நாள் சம்பளம். தாய் வீட்டில் இருப்பாள் என்ற அந்தக் காலத்து ஏற்பாட்டில் பிறந்தவை இவை, அந்த அடையாளம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எங்கள் மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, தாத்தா பாட்டியும் முறை எடுக்கலாம், சனிக்கிழமை பராமரிப்பு வேலையையும் கணக்கில் சேர்க்கலாம் என்று விதியை மாற்றினோம். காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பூசிச் சான்றும் அவர்களுக்கும் உண்டு. இரவுப் பணி பார்க்கும் ஒரு நர்ஸின் அப்பா இப்படித்தான் வந்தார். ஓய்வுபெற்ற தச்சர், ஸ்பானிய மொழி மட்டும் பேசுவார். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய பிள்ளைகளுக்கு நிஜச் சுத்தியலைக் கொடுத்து, ஆணியைப் பிடிக்கும் விரலை எங்கே வைப்பது என்று தன் விரலால் காட்டுகிறார். அடுத்த பருவத்து அட்டவணையில் மரவேலை மேசைக்கு அவர் பெயரைத்தான் முதலில் எழுதினோம்.